தோட்டத்தில் நின்ற மழைக்கோட்டு

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருப்பவர் பல் கட்டுகிறவர். முதுகுக்குப் பின்னால் பல்லுக்காரர், நேரில் சார். வீட்டின் பக்கவாட்டில் இருக்கும் நீள அறைதான் அவருடைய பட்டறை. சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய ஈறு அங்கே இருக்கிறது. என் கீழ்ப் பல்வரிசையையும் அவர்தான் கட்டித் தந்தார். அளவெடுக்கும்போது வாய் நிறைய மாவை வைத்து அழுத்திவிட்டு, "அசையாம இருங்க" என்பார். அது இறுகும்வரை நம்மால் ஒரு வார்த்தை பேச முடியாது. மற்ற நேரமெல்லாம் வாயில்லாப் பூச்சியாக இருக்கும் அந்த மனிதர், எதிராளியின் வாய் அடைபட்டுக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மனம் விட்டுப் பேசுவார். நான் சொல்லப்போவதில் பாதி அப்படிக் கேட்டது. மீதி என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். சரக்குக் கிடங்கு ஒன்றில் காவலர்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் காவல் காக்க வேறொன்றும் கிடைக்காததால் வீட்டு முன்தோட்டத்தைக் காக்கத் தொடங்கினார். தோட்டம் பெரிதல்ல. கேட்டிலிருந்து வாசற்படிவரை ஒரு நடைபாதை, ஒரு பக்கம் ரோஜாப் பாத்தி, மறுபக்கம் செவ்வந்தி. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம். பூனைகளுக்கு அது வெயில் காயும் இடம். நாய்க்கு ஒரே தாவல்.

பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் ஒரு நாய் உண்டு. பிஸ்கட் நிறம் என்பதால் பிஸ்கட் என்றே பெயர். காலையில் அந்தம்மா தையல் மெஷினில் உட்காரும்முன் அதை அவிழ்த்துவிடுவார். காலைக்கடனுக்கு அது வழியில் எதிர்ப்படும் எல்லா மண்ணையும் விட்டுவிட்டு, அண்ணன் சலித்து உரமிட்டுப் பொடியாக்கி வைத்திருக்கும் ரோஜாப் பாத்தியைத்தான் தேர்ந்தெடுக்கும். மனிதனாக இருந்தாலும் அந்த மண்ணைத்தான் தேர்ந்தெடுப்பான், அவ்வளவு மெத்தென்றிருக்கும். மூலை வீட்டுப் பூனைகள் செவ்வந்திப் பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தன.

அண்ணன் முதலில் கேட்டருகே ஒரு பலகை எழுதி வைத்தார். "நாய், பூனைகளுக்கு அனுமதி இல்லை." பிஸ்கட் அந்தப் பலகையின் கம்பத்தையே நனைத்துவிட்டுப் போனது. அதன்பின் அவர் பாத்தியில் கிடந்ததை மண்வெட்டியில் அள்ளிப்போய் டெய்லரம்மாவின் வாசற்படியில் கொட்டலானார். கொட்டிவிட்டு அங்கேயே நின்று சத்தம் போடுவார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாம்பல் நிறத்தில் கணுக்கால்வரை தொங்கும் ஒரு ரப்பர் மழைக்கோட்டு, அகல விளிம்புத் தொப்பி, முழங்கால் வலிக்காக வாங்கிய கைத்தடி. அந்தக் கோலத்தில் அவர் கேட்டில் நின்றால் நான் எதிர் வரிசையில்கூட நடக்காமல் சுற்றிக்கொண்டு போவேன். தம்பி பட்டறைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு மெழுகு உருக்கிக்கொண்டிருப்பார். அவமானமாக இருக்கும் என்றார் என்னிடம். ஆனால் ஒரு நாளும் வெளியே வந்து "விடுண்ணா" என்று சொன்னதில்லை.

சொல்கிற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தம்பியையும் கடைசித் தங்கையையும் வளர்த்தது அண்ணன்தான். சோறு போட்டார், படிக்க வைத்தார், தொழில் கற்க அனுப்பினார். கணக்காக அடிக்கவும் செய்தார். தங்கை ஒருவரைக் காதலித்து வீட்டை விட்டு வெளியேறிப் பிழைத்துக்கொண்டாள். தம்பிக்கும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசை. சாப்பிடும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சகோதரர்கள் இருவரும் கிழவர்களாகும்வரை அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிட்டார்கள்.

அண்ணன் ஒரு காலையில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வாய் கோணிச் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

கொஞ்ச நாளிலேயே விலங்குகளுக்குச் செய்தி எட்டிவிட்டது. பூனைகள் முதலில் வந்தன. சுவர்மேல் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தன, இறங்கின, தோண்டின. பிறகு பிஸ்கட். கால் சற்று இழுக்க, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று மோந்து பார்த்தபடி வந்து, பழைய இடத்திலேயே குந்தியது.

பல்லுக்காரர் தோட்டத்தில் ஒரு களையைக்கூடப் பிடுங்கியவரில்லை. ஆனால் அண்ணன் உயிராக வளர்த்த செடிகளின் அடியில் இப்படிக் கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆரஞ்சுத் தோலை நறுக்கிப் போட்டார், காய்ந்து சருகானது. காப்பிச் சக்கையைத் தூவினார். பூனைகள் அதையே தோண்டி மூடிக்கொண்டன. மிளகாய்த் தூளைக் காற்றுக்கு எதிரே நின்று தூவிவிட்டு, நாள் முழுக்கத் தும்மினார். அன்று அவரிடம் அளவு கொடுத்தவரின் பல்செட் இன்றைக்கும் ஒரு பக்கம் ஆடுவதாகக் கேள்வி. நீல நிறத் தண்ணீர் அடைத்த பாட்டில்களை வரிசையாக வைத்தார். கிட்டே ஏதாவது அசைந்தால் தண்ணீர் பீய்ச்சும் குழாய் ஒன்றைக் கடையில் வாங்கி நட்டார். அது நாயை விட்டுவிட்டுத் தபால்காரரைத் தலைமுதல் கால்வரை நனைத்தது.

டெய்லரம்மாவிடம் நேரில் சொல்லிப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். "அவங்க வீட்டு வாசல் ஏறவே எனக்குக் கூசுது" என்றார். அண்ணன் மண்வெட்டியில் அள்ளிக் கொட்டியதை நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவர் அண்ணனின் அலமாரியைத் திறந்தார். மழைக்கோட்டில் பூஞ்சை படிந்து நாற்றம் மூக்கைத் துளைத்தது. காயட்டும் என்று வெளியே கொண்டுவந்து, பழைய அறிவிப்புப் பலகையின் கம்பத்தில் மாட்டினார். தொப்பியையும் அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிஸ்கட் வழக்கம்போல் சுவர் ஓரமாக வந்தது. தாவுவதற்கு முன்னங்காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது. குரைக்கவில்லை. வால் வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்ள, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பிறகு ஓடவும் செய்யாமல், வயிறு தரையில் உரச, தவழ்ந்தபடி பின்னோக்கிப் போனது. நாய் அப்படிப் பின்பக்கமாகத் தவழ்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தோட்டத்துக்குள் ஒரு குஞ்சுக்குருவி எச்சம்கூட விழவில்லை. பூனைகள்கூட மூலை வீட்டோடு நின்றுவிட்டன. பல்லுக்காரருக்கு மகிழ்ச்சி. கம்பத்துக்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்துத் தோள் அமைத்தார். பொத்தான்களைப் போட்டுவிட்டார். "நல்லா வேலை செய்யுது, பாத்தீங்களா" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரோஜா அந்த வருடம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பூத்தது.

ஆனால் தெரு மாறிப்போனது. புதிதாக வந்த பால்காரர் கம்பத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டும்வரை பேச்சை நிறுத்திக்கொண்டன. நானும் பழையபடி சுற்றுவழியில் நடக்க ஆரம்பித்தேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் நடைக்கு நல்லது என்று சொல்லியிருப்பேன்.

அவர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு, என் வாயில் மாவு இறுகிக்கொண்டிருந்தபோது சொன்னார். ரேடியோவின் சத்தத்தைத் தன்னையறியாமல் குறைத்துவிடுவாராம். கேட்டைத் திறக்கும்முன் ஒருமுறை இருமுவாராம். அண்ணன் இருந்தபோது அப்படி இருமித்தான் உள்ளே வர வேண்டும். மிதியடியில் காலைத் துடைத்து, மறுபடியும் துடைப்பாராம். ஒருநாள் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைக்கக் கை வராமல், எதிரே காலித் தட்டு இருக்கச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்.

"கோட்டைத் தெருப் பக்கம் பாத்துத்தான் கட்டியிருந்தேன்" என்றார். "காலையில பாத்தா ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். காத்துதான். எனக்குத் தெரியும், காத்துதான். சுருக்குக் கம்பி போட்டு இறுக்கினேன். மறுநாளும் திரும்பியிருந்துச்சு. அப்புறம் நான் முன்னறையில உக்கார்றதையே விட்டுட்டேன்."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "அசையாதீங்க" என்றார்.

கோட்டு அப்படி நின்ற நாட்களில்தான் அவருடைய தங்கை வந்தாள். அண்ணன் சாவுக்கு வந்துபோனவள், அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கையில் பையோடு, யாரோடோ போனில் சிரித்துப் பேசியபடி தெருவில் நடந்து வந்தாள். கேட்டருகே வந்ததும் சிரிப்பு நின்றது. போனைப் பைக்குள் போட்டாள். பேரன் பேத்தி எடுத்தவள், கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, தலை குனிந்து நின்றாள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்லுக்காரர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"வா வா. ஏன் அங்கேயே நின்னுட்டே?"

"சின்னண்ணா, அது என்ன?"

"கோட்டு. நாய் வருதுன்னு மாட்டி வச்சிருக்கேன்."

"எடு அதை."

"எடுத்தா நாய் வரும்மா. செடியெல்லாம் பாழாப் போயிடும். பெரியண்ணா எப்படி வளத்த செடின்னு உனக்குத் தெரியாதா?"

"எடுத்தாத்தான் உள்ள வருவேன்."

அவர் கோட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். எடுப்பதற்கு அடி எடுத்து வைக்கவில்லை. "நீ சும்மா வா, அது வெறும் துணி" என்றார், குரலைத் தாழ்த்தி.

"வெறும் துணின்னா ஏன் ரகசியமாப் பேசுற?" என்றாள் அவள்.

அவள் கொண்டுவந்திருந்த பையைச் சுவர்மேல் வைத்தாள். "உனக்குன்னு ஸ்வெட்டர் பின்னினேன். போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். அவர் கேட்டுவரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. தங்கை தெருமுனை திரும்பும்வரை அந்த மழைக்கோட்டுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கையைத் தொங்கவிட்டபடி நின்றார். சற்றுத் தூரத்திலிருந்து பார்க்க எது அண்ணன், எது தம்பி என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

மறுநாள் அவர் டெய்லரம்மா வீட்டுப் படி ஏறினார். நாயைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னால் கோட்டை எடுத்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. டெய்லரம்மா ஒரு பாவாடைக்கு விளிம்படித்துக்கொண்டிருந்தார். காலை மிதிப்பலகையிலிருந்து எடுக்காமலே, "வாங்க சார்" என்றார்.

"பிஸ்கட்டைக் கொஞ்சம் கட்டி வச்சீங்கன்னா..."

"அது எங்க சார் வெளிய போகுது? உங்க கேட்டைத் தாண்டித்தானே எங்கேயும் போகணும். நீங்க அந்தக் கோட்டை மாட்டின நாள்லேர்ந்து இங்கேயேதான் கிடக்கு." அந்தம்மா மெஷினுக்கு அடியில் காட்டினார். வெட்டுத் துணிக் குவியலுக்குள் பிஸ்கட் சுருண்டு கிடந்தது. "எல்லாம் உள்ளதான். நானும் கழுவிக் கழுவிப் பாக்குறேன். தைக்கக் குடுக்குறவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க."

"ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று பல்லுக்காரர் கேட்டார்.

மெஷின் நின்றது.

"தெரியாத மாதிரிக் கேக்குறீங்களே சார். உங்கண்ணன் அதைப் பாத்தியிலேயே பிடிச்சு, கழுத்துப் பட்டையை முறுக்கி, மூக்கை அதுலயே வச்சுத் தேய்ச்சாரே. அப்புறம் கைத்தடியால. தொடை எலும்பு சேர எவ்வளவு காலம் ஆச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்."

"நான் அப்ப பட்டறையில இருந்திருப்பேன்மா."

"இல்லை சார். முன்னறை ஜன்னல்ல நின்னீங்க. நான் உங்களைத்தான் பாத்தேன், நீங்களாவது வந்து பிடிப்பீங்கன்னு. நீங்க திரையை இழுத்து விட்டீங்க."

அந்தம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஓர் அளவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பல்லுக்காரருக்கு அப்போதுதான் அந்தத் திரையின் துணி விரல்களில் உரசியது நினைவுக்கு வந்ததாம். திரை நினைவுக்கு வந்ததே தவிர, திரைக்கு அப்பால் என்ன பார்த்தோம் என்பது வரவில்லை. அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் அது நாயை அடித்த சத்தமா, சின்ன வயதில் தனக்கு விழுந்ததா, தங்கைக்கு விழுந்தபோது பக்கத்து அறையில் போர்வைக்குள் கிடந்து கேட்டதா என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. வியர்த்தது. மூக்குக் கண்ணாடி வழுக்கியது. அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார்.

துணிக் குவியலுக்குள் நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகத் திருப்பியது.

"அந்தத் திருப்பல் எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். "யாராவது என் பக்கத்துல கையைத் தூக்கினா நானும் அப்படித்தான் திருப்புவேன். இப்பவும். கடைக்காரர் மேல் தட்டுலேர்ந்து ஒரு டப்பா எடுத்தாக்கூட."

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் கூட வாங்களேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருவரும் தெருவைக் கடந்து, கேட்டைத் திறந்து, கம்பத்துக்கு முன்னால் போய் நின்றோம். கிட்டத்தில் அந்தக் கோட்டு இன்னும் உயரமாக இருந்தது. வெயிலில் ரப்பர் சூடேறி ஒரு வாடை வந்தது, அண்ணனின் வாடைதான். மற்றவர்கள் வாய்க்குள் கைவிட்டு நாளெல்லாம் வேலை செய்கிற அந்த விரல்களிலிருந்து மேல்பொத்தான் நழுவி நழுவிப் போனது. நான் உதவலாம் என்று கை நீட்டினேன். என் விரலும் அதே லட்சணத்தில்தான் இருந்தது.

"அண்ணே, கழட்டிடறேன்" என்றார் அவர், கோட்டைப் பார்த்து. பிறகு வெட்கப்பட்டதுபோல என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் பொத்தானை விட்டுவிட்டு, கம்பத்தையே மண்ணோடு பிடுங்கிச் சாய்த்தோம். கோட்டு எங்கள் இருவர்மேலும் விழுந்தது. அதன் கை ஒன்று அவர் தோளைச் சுற்றிக் கிடந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் அழுதார். சோறு போட்டதும் அதே கைதானே என்று நடுவில் ஒருமுறை சொன்னார். அண்ணன் செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

கோட்டைக் குப்பை வண்டிக்காரர் கேட்டு வாங்கிப்போனார். நல்ல ரப்பர், மழைக்கு ஆகும் என்றார். அதற்குப் பிறகு மழை பெய்யும் காலைகளில் தெருமுனையில் அது திரும்பி வருவதைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோம். வண்டிக்காரர் விசிலடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். அண்ணன் ஒருநாளும் விசிலடித்தவரில்லை.

பாத்திகளைச் சுற்றிப் பல்லுக்காரர் தாழ்வாகக் கம்பிவலை அடித்தார். மூலை வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினார். பூனைகளுக்கென்று அந்த வீட்டுக்காரர் தன் பின்கட்டில் ஒரு தொட்டியில் மண் நிரப்பி வைத்தார். இவ்வளவு சுலபமாக முடியும் காரியமா என்று பல்லுக்காரருக்கே ஆச்சரியம். சுற்றுச்சுவரில் ஒரு நாய் நுழையும் அளவுக்கு இடித்து, உள்ளே ஓரமாகக் கொஞ்சம் மணலைக் கொட்டி, "பிஸ்கட் இங்க வரட்டும்மா, நான் அள்ளிக்கிறேன்" என்று டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பிஸ்கட் வரவில்லை. கோட்டு போன பிறகும் தெருவின் எதிர்ப்பக்கமாகவே, எங்கள் சுவரை ஒட்டியே நடந்தது. அந்த வீட்டுக்கு நேரே வரும்போது கம்பம் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டும். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார் பல்லுக்காரர். ரேடியோவை இப்போது சத்தமாக வைக்கிறார்; ஆனால் பாட்டு நடுவில் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறார். தங்கைக்குப் போன் செய்து கோட்டை எடுத்துவிட்டதைச் சொன்னார். அவள் "சரி, வரேன்" என்றாளாம். எப்போது என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பல்செட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பல்லுக்காரர் வழக்கத்தைவிட முன்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தார். தங்கை பின்னிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். கேட்டில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மணல் ஓரத்தில் பிஸ்கட் குந்தியிருந்தது. அதுவும் அவரைப் பார்த்துவிட்டது. எழவும் முடியாமல், முடிக்கவும் முடியாமல், உடம்பெல்லாம் நடுங்க அவரையே பார்த்தது.

அவர் கேட்டிலிருந்து கையை எடுத்தார். சத்தமில்லாமல் திரும்பி, நாய்க்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன சார், யாரையாவது எதிர்பாக்குறீங்களா?" என்று நான் இங்கிருந்து கேட்டேன்.

அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.